சின்ன டிராக்டர் லோடருக்கு எடை குறைந்த இணைப்புத் தகடு: 6 மி.மீ. போதுமா?

ஏர்முனை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 25 குதிரைத்திறன் வகைச் சின்ன டிராக்டர், முன்னால் லோடர். கையின் நுனியில் கருவி மாட்டும் பின் (pin) மட்டத்தில் 350 கிலோ தூக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. லோடர் கையின் நுனியில் ஸ்கிட் ஸ்டியர் (சக்கரத்தைச் சறுக்கித் திரும்பும் சின்ன லோடர் வண்டி) வகை விரைவு இணைப்பு. மேல் விளிம்பை மாட்டி, இரண்டு லீவரை அழுத்தினால் கீழே ஆப்புப் பின்கள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கெட்டோடு எந்தக் குறையும் இல்லை.

இப்போது பேலட் தூக்கும் ஃபோர்க், பாரத்தைத் தொங்கவிட்டுத் தூக்க ஒரு குட்டை பூம், டிரெய்லரை நகர்த்தி நிறுத்த ஒரு ஹிட்ச், இந்த மூன்றையும் நானே செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். மூன்றுக்கும் முதுகில் ஒரு இணைப்புத் தகடு வேண்டும். ஆயத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் தடித்தவை. 1150க்கு 450 மி.மீ. அளவில் 10 மி.மீ. தகடு என்றால் கணக்குப்படி 40 கிலோ வருகிறது. தூக்குவதே 350 கிலோ, அதில் வெறும் தகடு 40 கிலோவை விழுங்கிவிட்டால் எப்படி? அதே அளவில் 6 மி.மீ. போட்டால் 24 கிலோவில் முடிந்துவிடும்.

என் சந்தேகங்கள்: 6 மி.மீ. தாங்குமா? ஒரே தகடாகப் போடுவதா, இடம் வலமாக இரண்டு துண்டுகளா? மேல் விளிம்பை மடக்க என்னிடம் பிரஸ் பிரேக் (தகடு மடக்கும் இயந்திரம்) இல்லை, அதற்கு என்ன வழி? அலுமினியம் பற்றியும் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:

தாங்கும் தம்பி. ஆனால் வெறும் 6 மி.மீ. தகடாக நிற்க வைத்தால் காகிதம் போல வளையும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 10 மி.மீ. தகடு 6 மி.மீ. தகட்டைவிட ஏறக்குறைய நாலரை மடங்கு விறைப்பு. 16 கிலோவை எடுத்தால் கூடவே இதுவும் போகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர விலாப் பட்டை, ஆங்கிள், சதுரக் குழாய் ஏதாவது பின்னால் ஓட வேண்டும்.

என்னுடையவை எல்லாமே 6 மி.மீ.தான். இரண்டு பக்கத் துண்டுகள், மேலே ஒரு சதுரக் குழாய், கீழே காடி (ஆப்புப் பின் இறங்கும் துளை) வரும் இடத்தில் மட்டும் 10 மி.மீ. பட்டை. நடுவில் ஒன்றும் கிடையாது, திறந்த ஜன்னல். எடை குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஜன்னல் வழியாக ஃபோர்க்கின் நுனி எங்கே போகிறது என்று சீட்டிலிருந்தே தெரிகிறது. அதற்காகவே நடுவை வெட்டலாம்.

வரப்பு:

எனக்கு இதில் உடன்பாடில்லை. 10 மி.மீ. போட்டவன் ஒன்றும் தெரியாமல் போடவில்லை. வேரில் இடிக்கும், கல்லில் மோதும், ஒரு மூலையை மட்டும் மண்ணில் சொருகி வண்டியைத் திருப்புவோம். கையேட்டில் போட்டிருக்கும் 350 கிலோவா அங்கே வருகிறது? வண்டியின் மொத்த எடையும் உந்தமும் அந்த ஒரு மூலையில் வந்து நிற்கும். 16 கிலோ மிச்சம் பிடிக்கப் போய் பாரத்தோடு ஃபோர்க் கழன்று விழுந்தால்?

பழைய இரும்பு:

வரப்பு அண்ணே, அந்த 10 மி.மீ. யாருக்காகப் போட்டது என்று பாருங்கள். இந்த இணைப்பு டிராக்டருக்காகப் பிறந்ததே இல்லை. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய ஒரு மூன்று சக்கரச் சின்ன லோடர் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாப்கேட்டும் ஸ்கிட் ஸ்டியர் என்ற இனமும். அந்த வண்டிகளில் பழகிய இணைப்பு வடிவம்தான் பிறகு எல்லோருக்கும் பொதுவாகி, ஐஎஸ்ஓ 24410 என்ற தரமாகவும் ஆனது. அந்த வண்டிகள் ஒரு டன்னைச் சர்வசாதாரணமாகத் தூக்கும். அதுவும் ஸ்கிட் ஸ்டியருக்குக் குறிப்பிடும் சுமை, கவிழும் எடையில் பாதிதான். அதற்காகச் செய்த தகட்டை 350 கிலோ லோடரில் மாட்டினால் நாம் தேவைக்கு மேல் இரும்பைச் சுமக்கிறோம், அவ்வளவுதான்.

மூலையில் இடிப்பது பற்றிச் சொன்னது சரி. அதை மறுக்கவில்லை.

நெம்புகோல்:

சண்டை வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோடரின் கோபுர முனையிலிருந்து (கை டிராக்டரோடு கீல் போட்டிருக்கும் இடம்) நுனிப் பின் வரை, கை கிடைமட்டமாக இருக்கும்போது 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஏர்முனை, உங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். கைக்கும் கருவிக்கும் நடுவே இருப்பது கருவியைச் சாய்க்கும் சாய்வு சிலிண்டர். ஆகவே தூக்கும் சிலிண்டரைப் பொறுத்தவரை, கருவியில் எங்கே எடை இருந்தாலும் அது கோபுர முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் பேச்சு.

கையில் இருக்கும் மொத்தத் திருப்பம்: 350 கிலோ × 1.6 மீட்டர் = 560.

10 மி.மீ. தகடு 40 கிலோ, பின்னிலிருந்து 8 செ.மீ. முன்னால்: 40 × 1.68 = 67.
ஃபோர்க் சட்டமும் டைன்களும் (முன்னால் நீளும் முட்கள்) சேர்ந்து 50 கிலோ, பின்னிலிருந்து 45 செ.மீ. முன்னால்: 50 × 2.05 = 102.
மிச்சம் 391. பேலட்டின் எடை மையம் பின்னிலிருந்து 60 செ.மீ. முன்னால், அதாவது 2.2 மீட்டரில். 391 ÷ 2.2 = 178 கிலோ.

350 கிலோ லோடர் கடைசியில் தூக்கித் தருவது 178 கிலோ. முதலில் இது மனதில் பதியட்டும்.

இப்போது தகட்டை 22 கிலோவாகக் குறைக்கிறோம். 178 என்பது 191 ஆகிறது. 18 கிலோ இரும்பை எடுத்ததற்கு 13 கிலோ லாபம். அடுத்து, தகட்டை விட்டுவிட்டு ஃபோர்க்கைப் பார்ப்போம். சின்ன வண்டிக்கு ஏற்ற மெல்லிய டைன், சட்டம் எல்லாம் சேர்த்து 25 கிலோவில், எடை மையம் 40 செ.மீ.யில் முடித்தால் 191 என்பது 215 ஆகிறது. இன்னும் 24 கிலோ.

அதாவது முதுகில் இருக்கும் தகடு பின்னுக்கு மிக அருகில் இருக்கிறது, அங்கே எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் முக்கால் கிலோவாகத்தான் திரும்பி வருகிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பில் கை வையுங்கள், அங்கே ஆதாயம் கூடுதல். அப்புறம் தூரம். சட்டத்தைத் தேவையில்லாமல் 10 செ.மீ. முன்னே தள்ளி வைத்தால் அதுவே 9, 10 கிலோவைத் தின்றுவிடும். சாய்வு சிலிண்டருக்கு அடி இன்னும் பலம், ஏனென்றால் அது பார்க்கும் தூரம் 60 செ.மீ. மட்டும்தான். அது 70 ஆனால் ஆறில் ஒரு பங்கு சுமை கூடுகிறது.

இது கை கிடைமட்டமாக இருக்கும் நிலைக்கான தோராயம். முழு உயரத்தில் சிலிண்டரின் கோணம் மாறும், எண்களும் மாறும். எது முக்கியம் எது அற்பம் என்ற வரிசை மாறாது.

ஏர்முனை:

நெம்புகோல் சார், கண்ணைத் திறந்துவிட்டீர்கள். நான் தகட்டையே பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்படியென்றால் பக்கெட்டின் விளிம்பில் மாட்டும் கிளாம்ப் ஃபோர்க் இன்னும் லேசாகத்தானே இருக்கும்? தகடே வேண்டாமே?

கிரீஸ் கை:

வேண்டாம்! பக்கெட்டின் எடை, அதன் ஆழம், அதற்கும் முன்னால் ஃபோர்க். சார் போட்ட கணக்கில் தூரம் 60 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். பக்கெட் விளிம்பும் வளையும்.

நெம்புகோல்:

ஆமாம், அது ஒரு அவசரத்துக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வரப்பு கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. தகட்டில் எந்த இடத்துக்கு எப்போது சுமை வருகிறது என்று தெரிந்தால் எங்கே மெலிக்கலாம் என்று தானாகத் தெரியும்.

ஃபோர்க்கில் பாரம் தூக்கும்போது கருவி முன்பக்கமாகத் தலைகுப்புற விழப் பார்க்கும். மேல் விளிம்பு கேரியரை (லோடர் கையின் நுனியில் இருக்கும் இணைப்புச் சட்டம்) விட்டு முன்னால் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும், கீழ்ப்பகுதி கேரியர் மேல் அழுந்தும். 200 கிலோ பாரம் 60 செ.மீ. தூரத்தில், தகட்டின் உயரம் 40 செ.மீ. என்றால் மேல் விளிம்பை 300 கிலோ இழுக்கிறது. கருவியின் சொந்த எடை வேறு. இந்த நேரத்தில் கீழே இருக்கும் ஆப்புப் பின்களுக்கு வேலையே இல்லை.

பக்கெட்டின் நுனியைத் தரையில் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்குகிறீர்கள், அல்லது நுனியால் மண்ணைப் பின்னோக்கி இழுக்கிறீர்கள் என்றால் எல்லாம் தலைகீழ். கீழ்ப்பகுதி கேரியரை விட்டு விலகப் பார்க்கும், அதைப் பிடித்திருப்பது இரண்டு பின்களும் இரண்டு காடிகளும் மட்டும். ஒரு மீட்டர் நீட்டத்தில் 300 கிலோ அழுத்தினால் பின்களுக்கு 750 கிலோ. குலுக்கல் இதில் சேரவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் இருக்கும் தகடு என்ன செய்கிறது? பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வேலையைக் குழாய் இன்னும் நன்றாகச் செய்யும். மேல் விளிம்பின் இரண்டு கோடிகள், காடிகளைச் சுற்றியுள்ள இடம், இரண்டையும் இணைக்கும் செங்குத்துப் பாதை, இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. மற்ற இடத்தில் தாராளமாக வெட்டலாம்.

வரப்பு:

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஒரு மூலையில் இடிக்கும்போது வரும் முறுக்கல்?

நெம்புகோல்:

அதற்குத்தான் மூடிய குழாய். தட்டையான பட்டையும் ஆங்கிளும் சேனலும் முறுக்கலுக்குச் சோப்ளாங்கி. அதே எடையில் சதுரக் குழாய் பல மடங்கு விறைப்பு. 50 × 50 × 4 குழாய் மீட்டருக்கு ஐந்தரை கிலோ சொச்சம்தான். இடம் வலம் தனித்தனியாக இரண்டு துண்டு என்றால், கருவியே முறுக்கலைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். பக்கெட் அப்படிப்பட்டது, ஆகவே அதற்கு இரண்டு துண்டு சரி. ஃபோர்க்குக்கு வேண்டாம்.

பழைய இரும்பு:

இதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். தகட்டைத் தனியாகவும் ஃபோர்க் சட்டத்தைத் தனியாகவும் செய்து ஒட்ட வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகவே பிறக்கட்டும். ஃபோர்க்குக்கு எப்படியும் மேலே ஒரு குறுக்குக் குழாய், கீழே ஒன்று வேண்டும். அவையே இரண்டு பக்கத் துண்டுகளையும் சேர்த்துவிடும்.

என் சட்டத்தின் எடை இப்படி: 200 × 430 அளவில் 6 மி.மீ. பக்கத் துண்டு இரண்டு, 8 கிலோ. மேலும் கீழும் 1.1 மீட்டர் குழாய், பன்னிரண்டரை. மேல் விளிம்புக்கு 50 × 8 பட்டை, மூன்றரை. காடிக்கு 80 × 10 பட்டை, கால் மீட்டர் வீதம் இரண்டு துண்டு, மூன்று சொச்சம். ஆக 27 கிலோ. டைன் இல்லை, ஆனால் தகடு, சட்டம் இரண்டும் இதிலேயே அடக்கம். ஆயத்தத் தகடு மட்டுமே 40 கிலோ என்றீர்களே.

மேல் விளிம்பை மடக்க வேண்டியதில்லை. பட்டையைச் சரியான சாய்வில் வைத்துப் பற்றவைத்தால் போதும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெல்டிங் வர வேண்டும், உள்பக்கத்தில் வரும் வெல்டிங்கைக் கிரைண்டரில் மழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேரியரின் விளிம்பு முழுதாக உட்காராது.

கேரியர் எந்த இடத்தில் உண்மையில் தொடுகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி. கேரியரின் முகத்திலும் மேல் விளிம்பிலும் மெல்லிசாக கிரீஸ் தடவி, இப்போது இருக்கும் பக்கெட்டை மாட்டி, பின்னைப் போட்டு, கொஞ்சம் வேலை செய்துவிட்டுக் கழற்றுங்கள். பக்கெட்டின் முதுகில் கிரீஸ் ஒட்டிய இடம்தான் சுமை வரும் இடம். நிறைய டிராக்டர் கேரியர்களில் இரண்டு கோடியிலும் மட்டுமே ஒட்டியிருக்கும். நடுவில் பளிச்சென்று இருக்கும்.

வெள்ளித்தகடு:

அலுமினியம் பற்றி யாரும் பேசவில்லையே. அடர்த்தி 2.7, இரும்பு 7.85. மூன்றில் ஒரு பங்கு எடை. 10 மி.மீ. அலுமினியத் தகடு 14 கிலோதான் வரும்.

நெம்புகோல்:

காகிதத்தில் அழகாக இருக்கும். அலுமினியத்தின் மீள்மைக் குணகமும் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், 70 கிகாபாஸ்கல், இரும்புக்கு 200. அதே விறைப்பு வேண்டுமென்றால் தகட்டின் தடிமனை 1.4 மடங்கு ஆக்க வேண்டும். அப்போதும் எடை பாதியாகும், அது உண்மை. ஆனால் 6061-டி6 போன்ற கலவையை வெல்டிங் செய்தால் வெல்டிங்கை ஒட்டிய இடம் பதம் இழந்து, பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்த இடம் எது? நாம் பலமாக இருக்க வேண்டும் என்று சொன்ன அதே மூலைகள். அதோடு அலுமினியத்துக்கு அயர்ச்சி எல்லை என்று ஒன்று கிடையாது. இரும்பில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை சுமை ஏற்றினாலும் விரிசல் விடாது. அலுமினியத்தில் எவ்வளவு சின்னச் சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

காடியில் இரும்பு ஆப்பு உரசி உரசி அதைத் தின்றுவிடும் என்பது வேறு.

தீப்பொறி:

வீட்டு மெஷினில் அலுமினியம் ஓட்டுவது தனிக் கலை. இந்தக் கருவியில் அதைப் பழக வேண்டாம்.

வெள்ளித்தகடு:

சரி, அப்படியானால் உயர்வலு எஃகு? 700 மெகாபாஸ்கல் வகையில் 4 மி.மீ. போட்டால்?

நெம்புகோல்:

உடையாது, ஆனால் வளையும். எந்த எஃகானாலும் விறைப்பு ஒன்றுதான். சாதாரண மைல்டு ஸ்டீலின் 250 மெகாபாஸ்கலே நம் சுமைக்குத் தாராளம், நமக்குத் தட்டுப்பாடு விறைப்பில்தான். டைனுக்கு மட்டும் உயர்வலு எஃகு நியாயம்.

தீப்பொறி:

வெல்டிங் பற்றி யாரும் சரியாகக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மெல்லிய தகட்டில் வேலை கெடுவது பலக்குறைவால் இல்லை, கோணலால். ஒரு பக்கமாக நீளமாக ஓட்டினால் சூட்டில் இழுத்து வில்லாக வளைந்துவிடும். அப்புறம் ஒரு பின் இறங்கும், இன்னொன்று இறங்காது. சுத்தியல் எடுத்து அடிப்பீர்கள். அந்த நிலைக்கு வரக்கூடாது.

உங்களிடம் இருப்பதிலேயே நல்ல அச்சு உங்கள் லோடரின் கேரியர்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கேரியரைச் செங்குத்தாக வைத்து, பக்கத் துண்டுகளையும் விளிம்புப் பட்டையையும் அதிலேயே கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். கேரியருக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய அட்டை கொடுங்கள், பெயின்ட் அடித்த பிறகும் மாட்டிக் கழற்ற இடம் இருக்கும். பின்கள் காடியில் இறங்கும் நிலையில் காடிப் பட்டையை வைத்து டேக் (பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். டேக் மட்டும்தான் வண்டியில். முழு வெல்டிங்கை வண்டியில் வைத்து ஓட்ட வேண்டாம்.

டேக் அடிக்கும்போதும் பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப் நீங்கள் பற்றவைக்கும் துண்டிலேயே இருக்க வேண்டும். டிராக்டரின் பின்பக்கம் எங்கேயோ எர்த் மாட்டிவிட்டு முன்னால் வெல்டிங் செய்தால் கரண்ட் பின், புஷ், பேரிங் வழியாகப் பாய்ந்து அங்கெல்லாம் பொறி வைக்கும். ஹைட்ராலிக் ஹோஸையும் சிலிண்டர் ராடையும் ஈரத் துணியோ தீப்பிடிக்காத போர்வையோ போட்டு மூடுங்கள். குரோம் பூசிய ராடில் ஒரு பொறி ஒட்டினால் போதும், அது சீலைக் கிழித்து எண்ணெய் கசிய ஆரம்பிக்கும்.

கழற்றிய பிறகு, இரண்டு துண்டு செய்கிறீர்கள் என்றால் முதுகோடு முதுகாக வைத்து கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள். ஒன்றின் இழுப்பை இன்னொன்று எதிர்க்கும். ஒன்றுதான் என்றால் கெட்டியான பீமில் கட்டுங்கள். இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது மி.மீ.க்கு மேல் போகாமல். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி டீ குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். கிளாம்பை முழுதாக ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

விளிம்பின் கோடிகளுக்கும் காடிப் பட்டைக்கும் 7018 வகை வெல்டிங் ராட், காய்ந்ததாக. 6 மி.மீ. தகட்டுக்கு முன்சூடு எதுவும் தேவையில்லை. மற்ற இடத்தில் விட்டு விட்டு வெல்டிங் போதும், ஆனால் விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், அங்கே சீலன்ட் பூசுங்கள். குழாயின் இரண்டு முனையையும் மூடுங்கள், கால்வனைஸ் குழாய் என்றால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் ஓட்டுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஜன்னல் வெட்டும்போது மூலையைக் கூராக விடாதீர்கள். முதலில் நான்கு மூலையிலும் 40, 50 மி.மீ. விட்டத்தில் துளை போட்டுவிட்டு அந்தத் துளைகளை இணைத்து வெட்டுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

ஏர்முனை:

தீப்பொறி அண்ணே, இதை அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். காடியின் அளவு என்ன வைப்பது? இணையத்தில் ஆளுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, மி.மீ. கணக்கில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

பழைய இரும்பு:

வரைபடத்தை நம்ப வேண்டாம். வெளி அகலம் தோராயமாக 45 அங்குலம் என்பது வரை பொது, அதற்கு மேல் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். உங்கள் பக்கெட்டின் முதுகில் அட்டை வைத்து, காடியையும் விளிம்பின் சாய்வையும் அப்படியே படி எடுங்கள். பக்கெட் சரியாகப் பொருந்துகிறது என்றால் அதன் படியும் பொருந்தும்.

காடியை முதலில் சற்றுச் சிறிதாக வெட்டுங்கள், பிறகு ராவி ராவிப் பெரிதாக்குங்கள். ஆப்பு முழுதாக இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே இறுக்கம் வர வேண்டும். நாளாக நாளாகத் தேயும்போது இறங்க அதற்கு இன்னும் இடம் வேண்டுமல்லவா. லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பொத்தென்று விழுந்தால் காடி பெரிது.

வரப்பு:

எப்படியும் என் புலம்பலைக் கேட்கத்தான் வேண்டும். இரண்டு விஷயம்.

ஒன்று பின். லீவர் கீழே போய்விட்டது என்பதால் பின் காடிக்குள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கருவி சரியாக உட்காராமல் பின் காடிக்கு வெளியே இறங்கியிருக்கலாம். சீட்டிலிருந்து தெரியாது. இறங்கிப் போய், இரண்டு பின்களும் காடிக்குக் கீழே எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு கருவியின் நுனியை முன்பக்கமாகச் சாய்த்துத் தரையில் அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் சொன்னபடி, பாரம் தூக்கும்போது பின்னுக்கு வேலையே இல்லை. ஆகவே பின் மாட்டாமலேயே ஒரு பேலட்டைத் தூக்கிவிட முடியும். நுனி எதிலாவது இடித்துக் கீழ்ப்பகுதி விலகும்போதுதான் கழன்று விழும்.

இரண்டாவது, வண்டியின் பின்பக்க எடை. முன்னால் 200 கிலோ தூக்கினால் முன் அச்சு துலாவின் நடுக்கம்பம் ஆகிவிடும், பின் சக்கரம் லேசாகும். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் அச்சில்தான். சரிவில் இறங்கும்போது பின் சக்கரம் தரையை விட்டால் பிரேக்கும் போய்விட்டது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே வையுங்கள், மூன்று முனை இணைப்பில் எதிர் எடையை மாட்டுங்கள். பாரத்தைத் தரையோடு தாழ்த்தியே ஓட்டுங்கள்.

கிரீஸ் கை:

ஃபோர்க்கின் முதுகில் ஒரு தடுப்பும் வையுங்கள். இந்த லோடர்கள் தானாக மட்டம் பிடிக்காது. கை மேலே போகப் போக ஃபோர்க் பின்னால் சாயும், மேலே இருக்கும் பெட்டி உருண்டு மடியில் வந்து விழும். அது ஐந்தாறு கிலோ கூடும், அந்த எடையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஏர்முனை:

சரி, ஃபோர்க் தெளிவாகிவிட்டது. ஹிட்சும் பூமும்?

பழைய இரும்பு:

ஹிட்சுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். மாட்டுவது டிரெய்லரின் மூக்கு, 60, 70 கிலோதான் வரும். நடுவில் 2 அங்குல ரிசீவர் குழாய் (ஹிட்சைச் சொருகும் சதுரக் குழாய்), அதிலிருந்து இரண்டு காடிக்கும் மேல் விளிம்புக்கும் எக்ஸ் வடிவில் பட்டை. ரிசீவரை முடிந்தவரை தகட்டோடு ஒட்டி வையுங்கள். இதில் வருவது பக்கவாட்டு இழுப்பு, வண்டியைத் திருப்பும்போது லோடர் கைகளைக் கோணலாக இழுக்கும். மெதுவாக, முற்றத்துக்குள் மட்டும்.

அந்த ரிசீவரிலேயே பூமையும் சொருகிக்கொள்ளலாமே? தனித் தகடு எதற்கு?

நெம்புகோல்:

குட்டை பூம் என்றால் சரி. ஒன்றரை மீட்டர் நீட்டினால் 560 ÷ 3.1, அதாவது 180 கிலோ, அதிலும் பூமின் எடையைக் கழிக்க வேண்டும். தூக்கும் சிலிண்டர் தாங்கினாலும் சாய்வு சிலிண்டர் முதலில் கைவிரித்துவிடும், ரிலீஃப் வால்வு சத்தம் போடும். ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் திறந்த கொக்கி வேண்டாம், துளை போட்டு ஷேக்கிள் மாட்டுங்கள். ரிசீவரின் குறுக்குப் பின் மட்டுமே பூமைப் பிடித்திருக்கும், அதற்கு ஒரு லாக் கிளிப் கட்டாயம்.

ஏர்முனை:

ஃபோர்க் சட்டம் முடிந்து மாட்டியாகிவிட்டது. பழைய இரும்பு அண்ணனின் அமைப்பில்தான் செய்தேன், மேல் குழாயை மட்டும் 60 × 40 ஆக, உயரம் 60 வரும்படி வைத்தேன். கிரீஸ் சோதனை அவர் சொன்னபடியே இருந்தது, இரண்டு கோடியில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கறை. சட்டம் தராசில் 29 கிலோ, தடுப்போடு 34. டைன் இரண்டும் 18. கோபுரத்திலிருந்து பின் வரை என் வண்டியில் 1.55 மீட்டர் வந்தது, கணக்கைத் திருப்பிப் போட்டு, 180 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டத்திலேயே பெயின்ட்டில் எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. வலது லீவர் எளிதாக இறங்குகிறது, இடது லீவர் கடைசி ஒரு அங்குலத்தில் முரண்டு பிடிக்கிறது. கோணல் இருக்கிறதா என்று நேர்க்கம்பி வைத்துப் பார்த்தேன், ஒரு மி.மீ. கூட இல்லை.

தீப்பொறி:

கோணல் இல்லை என்றால் காடியின் முன் விளிம்பில் வெல்டிங் சூட்டில் ஒரு சின்ன பிசிர் நிற்கும். மாட்டி இறக்கிவிட்டு ஆப்பின் முகத்தைப் பாருங்கள், பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறதோ அதற்கு நேரே காடியில் நான்கைந்து தடவை அரம் போடுங்கள். பின் விளிம்பில் அரம் போட்டுவிடாதீர்கள், ஆப்பு இறுகிப் பிடிப்பது அங்கேதான் என்றால் ஆட்டம் வந்துவிடும். முதலில் லீவரின் ஸ்பிரிங்கையும் அச்சையும் கிரீஸ் வைத்துப் பாருங்கள், பக்கெட்டிலும் இடது லீவர் இதே முரண்டு பிடிக்கிறதா?

ஏர்முனை:

பக்கெட்டை இப்போதுதான் மாட்டிப் பார்த்தேன். அதிலும் இடதுதான் முரண்டு. சட்டத்தில் தப்பில்லை. லீவரின் அச்சில் மண் அப்பிக் கிடந்தது, கழுவி கிரீஸ் வைத்ததும் இரண்டும் ஒரே மாதிரி இறங்குகின்றன. அடுத்து ஹிட்ச், எக்ஸ் பட்டைக்கு 50 × 8 போதுமா அண்ணே?

பழைய இரும்பு:

போதும் தம்பி. எக்ஸ் குறுக்கிடும் இடத்தில் ஒரு பட்டையை வெட்டாமல் முழுதாக ஓட விடு, மற்றதை மட்டும் இரண்டாக வெட்டி ஒட்டு. முழுப் பட்டை மேல் இடமிருந்து கீழ் வலமா, மேல் வலமிருந்து கீழ் இடமா என்பது உன் விருப்பம்.